கொலைகாரர் யாரென்று சபையே சொல்லட்டும்: சின்ன நாடகக் குழுவுக்குச் சில கணக்குகள்

பார்வையாளர்களும் கலந்துகொள்ளும் கொலைமர்ம நகைச்சுவை நாடகம் போடலாம் என்று முடிவானதும் அமெச்சூர் குழுக்கள் முதலில் தேடுவது நல்ல காமெடி நடிகரை. அடுத்து வசனகர்த்தாவை. இன்ஸ்பெக்டர் வேஷம் கடைசியில் யார் மிச்சமோ அவருக்கு. இந்த வரிசையைத் தலைகீழாக்கினால் பாதிப் பிரச்சினை தீரும். இந்த வகை நாடகத்தில் மேடையிலிருந்தபடியே கடிகாரத்தைப் பிடித்து வைத்திருப்பவர் இன்ஸ்பெக்டர் ஒருவர்தான். சபையைப் பேச விடுவதும் வாயை மூட வைப்பதும் அவர் வேலை. அவர் சுமாராக இருந்தால், மற்ற ஏழு பேரும் பிரமாதமாக நடித்தாலும் எட்டு ஐம்பதுக்கு முடிய வேண்டியது ஒன்பதரைக்கு முடியும். அதற்குள் பின்வரிசை பஸ் பிடிக்கப் போயிருக்கும்.

இங்கே சொல்வதெல்லாம் ஒரு சின்ன ஹாலுக்கான கணக்கு: 80 பேர், மேசைக்கு 8 பேராகப் பத்து மேசை, 8 நடிகர்கள், இடைவேளையில் டிபன். ஊர்ச் சபா, குடியிருப்புச் சங்க ஹால், வெளிநாட்டில் தமிழ்ச் சங்கம் வாடகைக்கு எடுக்கும் பள்ளிக்கூட அரங்கு எல்லாவற்றுக்கும் இந்த அளவு பொருந்தும். 150 பேருக்கு மேல் போனால் இது வேறு விளையாட்டு. அந்த அளவில் கேள்வி கேட்கிறவர் முகமே மற்றவர்களுக்குத் தெரியாது.

முதலில் முடிவைப் பற்றி முடிவு செய்ய வேண்டும். மூன்று வழி உண்டு. ஒன்று, கொலைகாரர் யாரென்று எழுதும்போதே தீர்மானித்துவிட்டு, சபையைக் கண்டுபிடிக்கச் சொல்வது. இரண்டு, சபை ஓட்டுப் போட்டு யாரைச் சொல்கிறதோ அவரே கொலைகாரர். மூன்று, நாடகம் தொடங்குமுன் நடிகர்களுக்குள் சீட்டுக் குலுக்கி எடுப்பது. மூன்றாவது ஒத்திகைக்கு அருமையான பயிற்சி. காட்சியில் வேண்டாம், சபைக்கு அதனால் தனிச் சுவை எதுவும் கிடைப்பதில்லை.

ஓட்டுப் போட வைக்கும் முறைக்கு மேடையில் நல்ல முன்னோடிகள் இருக்கிறார்கள். அயன் ராண்ட் எழுதி 1935-இல் நியூயார்க்கின் பிராட்வே மேடைக்கு வந்த கோர்ட் நாடகத்தில் பார்வையாளர்களிலிருந்து 12 பேரை ஜூரியாக உட்கார வைத்தார்கள். அவர்கள் தீர்ப்புக்கு ஏற்றபடி இரண்டு முடிவுகள். சார்லஸ் டிக்கன்ஸ் 1870-இல் இறந்தபோது பாதியில் நின்றுபோன துப்பறியும் நாவலை ரூபர்ட் ஹோம்ஸ் 1985-இல் இசை நாடகமாக்கினார். நாவலுக்கு முடிவே இல்லாததால் கொலைகாரர் யார், மாறுவேடத் துப்பறிவாளர் யார், கடைசியில் ஜோடி சேர்வது யார் என்று மூன்று கேள்விகளைச் சபையின் ஓட்டுக்கு விட்டார். அது அமெரிக்க மேடையின் பெரிய விருதான டோனியை ஐந்து பிரிவுகளில் வாங்கியது. இன்னொன்று, பால் போர்ட்னர் ஜெர்மன் மொழியில் எழுதிய நாடகத்திலிருந்து பிறந்த சலூன் கொலை நாடகம். பாஸ்டனில் 1980-இலும் வாஷிங்டனில் 1987-இலும் தொடங்கி, பல்லாண்டு ஓடியது. சபை சாட்சி சொல்லும், கேள்வி கேட்கும், ஓட்டுப் போடும். அன்றன்றைய செய்தியும் உள்ளூர் கிண்டலும் வசனத்துக்குள் வந்து விழும். சின்னக் குழு பின்பற்ற வேண்டியது இந்தச் சலூன் வழியைத்தான். ஒரே செட், ஏழெட்டு பேர், நிறைய பேச்சு.

இவற்றை அப்படியே தமிழாக்கிப் போட நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. மேடையேற்ற அனுமதி வேறு, மொழிபெயர்க்க அனுமதி வேறு. இரண்டும் வாங்க வேண்டும். இந்தியச் சட்டப்படி எழுத்தாளர் மறைந்து 60 ஆண்டு வரை காப்புரிமை இருக்கிறது. சொந்தமாக எழுதுவது மலிவு. உள்ளூர்க் கிண்டலுக்கும் அதுதான் தோது. தமிழ்நாட்டில் இன்னொரு பழைய தொல்லை இப்போது இல்லை. 1954-ஆம் ஆண்டு நாடகச் சட்டப்படி பிரதியை முன்கூட்டியே போலீசிடம் காட்டி அனுமதி வாங்க வேண்டியிருந்தது. அதன் முக்கியப் பிரிவுகளைச் சென்னை உயர்நீதிமன்றம் 2013-இல் செல்லாது என்றது. சபை கேட்கும் கேள்விக்கு அந்த நொடியில் பதில் சொல்லும் நாடகத்துக்கு எந்தப் பிரதியை முன்கூட்டிக் காட்டுவது?

இனி எழுத்துக்கு வருவோம். எடுத்துக்காட்டாக ஒரு கதை வைத்துக்கொள்வோம். டிசம்பர் சீசன். சபா செயலாளர் சந்தானம் கிரீன் ரூமில் குத்துவிளக்கால் மண்டையில் அடிபட்டுக் கிடக்கிறார். சந்தேகத்துக்குரியவர்கள் ஐந்து பேர்: கேண்டீன் கேசவன், பாடகி பத்மா, விமர்சகர் விட்டல், டிரஷரர் டில்லிபாபு, மாப்பிள்ளை மாதவன். தொழிலும் பெயரும் ஒரே எழுத்தில் தொடங்குவது வெறும் எதுகை மோனை ஆசை இல்லை. சபை இவர்களை முதன்முறையாகப் பார்த்து அரை மணியில் பெயர் சொல்லிக் குற்றம் சாட்ட வேண்டும். ஐந்து பெயரும் வெவ்வேறு எழுத்தில் தொடங்க வேண்டும். ராமன், ரமணன், ரங்கன் என்று வைத்தால் ஓட்டுச் சீட்டெல்லாம் குப்பை. ஆளுக்கொரு நிறமும் கொடுத்துவிடுங்கள். பத்மாவுக்கு அரக்குப் புடவை, மாதவனுக்கு மஞ்சள் டீ ஷர்ட். ஓட்டுச் சீட்டில் பெயருக்குப் பக்கத்தில் அதே நிறத்தில் ஒரு கட்டம். மூன்று பேர் என்றால் சந்தேகப்பட ஆளில்லை. ஏழு பேர் என்றால் சபைக்கு இரண்டு பேரை மறந்துபோகும், மறந்துபோன நடிகர் மேடை ஓரத்தில் தூண் மாதிரி நிற்பார். ஐந்துதான் சரி.

ஓட்டால் முடிவு மாறும் நாடகம் என்றால் ஐந்து முடிவும் நியாயமாகத் தோன்ற வேண்டும். அதற்கு எளிய வழி ஒரு பொதுத் தடயம், ஐந்து தனித் தடயம். பொதுத் தடயம் எல்லோர் மேலும் ஒட்ட வேண்டும். விளக்கால் அடித்தவர் கையில் எண்ணெய் இருக்கும் அல்லவா? கேசவன் வடை போடுகிறவர், கையெல்லாம் எண்ணெய். பத்மா கச்சேரிக்கு முன் விளக்கேற்றினாள். விட்டல் ஓசி பஜ்ஜி சாப்பிட்டு நோட்டுப் புத்தகத்தில் கை துடைத்தவர். டில்லிபாபுவின் கணக்குப் புத்தகத்தில் எண்ணெய்க் கறை. மாதவன் கழுத்துப் பிடிப்புக்குத் தைலம் தேய்த்திருக்கிறார். ஒவ்வொருவர் கையையும் இன்ஸ்பெக்டர் முகர்ந்து பார்க்கும் காட்சியிலேயே நாலு சிரிப்பு கிடைக்கும், தடயமும் பதிந்துவிடும்.

தனித் தடயங்கள் உறையில் போட்ட காகிதமாக மேசைக்குப் போகட்டும். கேண்டீனுக்கு மூன்று சீசனாகப் பணம் தராத பில். பத்மாவின் பெயரை மாலைக் கச்சேரியிலிருந்து அடித்து மதியம் 12 மணிக்கு மாற்றிய நிகழ்ச்சி நிரல். நடக்காத கச்சேரியை "அற்புதம்" என்று புகழ்ந்து விட்டல் முன்கூட்டியே எழுதி வைத்த விமர்சனம். 41 முதல் 43 வரை கிழிக்கப்பட்ட நன்கொடை ரசீதுப் புத்தகத்தின் ஒரு நகல். நேற்றுத்தான் வந்தேன் என்று சொல்லும் மாப்பிள்ளையின், மூன்று நாள் முந்தைய தேதியிட்ட போர்டிங் பாஸ். மேசைக்கு ஐந்து காகிதம், பத்து மேசைக்கு 50, கூடுதலாக இரண்டு செட் சேர்த்து 60 தாள். எழுத்தின் அளவு 14 பாயிண்டுக்குக் குறையக் கூடாது. மங்கிய வெளிச்சத்தில், வாசிப்புக் கண்ணாடியை வீட்டில் விட்டுவந்த கூட்டம் படிக்க வேண்டியது அது. ஒவ்வொரு காட்சிக்கும் புதிதாக அச்சடிக்க வேண்டியிருக்கும். உறை திரும்பி வரும், உள்ளே இருந்தது பையில் வீட்டுக்குப் போய்விடும். மேசைக்கு ஒரே ஒரு காகிதம் வைத்தால் அதைக் கையில் பிடித்துக்கொண்டு ஒருவர் துப்பறிவாளர் ஆகிவிடுவார், மீதி ஏழு பேர் டிபனைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

நகைச்சுவையும் தடயமும் ஒன்றையொன்று கொல்லும் இடம் ஒன்று இருக்கிறது. நல்ல சிரிப்பு விழுந்தால் மூன்று முதல் ஐந்து விநாடி வரை எதுவும் காதில் விழாது. அந்த இடத்துக்கு அடுத்த வரியில் தடயத்தை வைத்தால் அது போயே போயிற்று. நடிகரும் சிரிப்பு அடங்கும்வரை காத்திருக்காமல் பேசிவிடுவார். தடயம் சிரிப்புக்கு முந்தின வரியாக, அதாவது சிரிப்புக்கு அடி எடுத்துக் கொடுக்கும் வரியாக இருக்க வேண்டும். "ஆறே காலுக்குக் கிரீன் ரூம்ல யாருமே இல்லியே, நான்தானே உள்ள போயி ஃபேன ஆஃப் பண்ணினேன்" என்று டில்லிபாபு சொல்ல, "அந்த ஃபேன் நாலு வருஷமா ஓடல சார்" என்று கான்ஸ்டபிள் சொல்லட்டும். சபை சிரிக்கும், ஆறே காலும் நினைவில் நிற்கும். முக்கியமான ஒவ்வொரு தடயமும் மூன்று தடவை வர வேண்டும்: ஒருமுறை வசனத்தில், ஒருமுறை கையில் பிடிக்கிற பொருளில், ஒருமுறை இரண்டாம் பாகத்தின் தொடக்கத்தில் இன்ஸ்பெக்டர் வாயில். எழுதியவருக்கு இது அலுப்பாக இருக்கும். எண்பது பேரில் பாதிப் பேர் முதல் தடவை யாரோ தெரிந்தவருக்குக் கையசைத்துக்கொண்டிருந்தார்கள்.

நேரக் கணக்கு இப்படி. 6.30-க்குக் கதவு திறப்பு. 6.45 முதல் பாத்திரங்கள் மேசைகளுக்கு நடுவே உலவி, வேஷத்திலேயே பேச்சுக் கொடுக்கிறார்கள். 7.00 முதல் 7.25 வரை முதல் பாகம், முடிவில் பிணம். 7.25 முதல் 7.50 வரை டிபன், உறை, கேள்விச் சீட்டு. 7.50 முதல் 8.10 வரை இரண்டாம் பாகம். பிறகு 15 நிமிடம் விசாரணை. 8.25-க்கு ஓட்டு. 8.30 முதல் 8.38 வரை எண்ணிக்கை. மீதி 12 நிமிடம் முடிவுக் காட்சி. 8.50-க்குக் கைதட்டல். ஆக, எழுதி நடிப்பது 57 நிமிடம்தான். ஆனால் மனப்பாடம் செய்ய வேண்டியது 73. எப்படியென்றால், முடிவுக் காட்சியில் முதல் 5 நிமிடமும் கடைசி 3 நிமிடமும் எல்லா முடிவுக்கும் பொது. நடுவில் 4 நிமிடம் மட்டும் கொலைகாரருக்குக் கொலைகாரர் மாறும், அப்படி ஐந்து. ஐந்து முடிவையும் தனித்தனியாக முழுசாக எழுதுபவர்கள் இரண்டாவது காட்சியில் இன்ஸ்பெக்டரைக் குழப்பிவிடுவார்கள். அவர் விட்டலின் முடிவில் தொடங்கி பத்மாவின் முடிவில் நுழைந்துவிடுவார். பொதுப் பகுதி முடிந்து கிளை பிரியும் இடத்தில் ஒரு அசைவு வைத்துக்கொள்ளுங்கள். இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றி யார் முன்னால் வைக்கிறாரோ அவருடைய முடிவு. லைட் போர்டில் இருப்பவரும் அதைப் பார்த்தே வேலை செய்யலாம்.

விசாரணைப் பதினைந்து நிமிடம்தான் இந்த நாடகத்தின் உயிர், பெரும்பாலும் சொதப்புவதும் அங்கேதான். "யாருக்காவது கேள்வி இருக்கா?" என்று பொதுவாகக் கேட்டால் முதலில் ஊசி விழும் அமைதி, பிறகு ஒரே சமயத்தில் ஆறு பேர். அதனால் கேள்விகளை டிபன் நேரத்தில் சீட்டில் எழுதி வாங்கிவிடுங்கள், மேசைக்கு இரண்டு. கான்ஸ்டபிள் லத்தியோடு போய் மாமூல் வசூலிப்பது போல வாங்கினால் அதுவே ஒரு காட்சி. மேடைக்குப் பின்னால் ஒருவர் உட்கார்ந்து இருபதிலிருந்து பன்னிரண்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒரு கேள்வி, பதில், சிரிப்பு சேர்ந்து ஒன்றேகால் நிமிடம் ஆகும். பதினைந்து நிமிடத்துக்குப் பன்னிரண்டுதான் தாங்கும். ஐந்து பேருக்கும் தலா இரண்டாவது வர வேண்டும், இல்லையென்றால் கேள்வியே வராத நடிகருக்கு ஓட்டும் வராது. எழுதியவரையே எழுந்து நின்று கேட்க வைக்க வேண்டும், இன்ஸ்பெக்டர் படிக்கக் கூடாது. கடைசிக் கேள்வியாக எது அதிகம் சிரிக்க வைக்குமோ அதை ஒதுக்கி வையுங்கள். சின்னப் பிள்ளைகள் எழுதிய சீட்டில் அது கிடைக்கும்.

முதல் கேள்விக்கு மட்டும் நம் ஆள் ஒருவர் சபையில் இருப்பது தப்பில்லை. ஐந்து முடிவுக்கும் தேவைப்படும் பொதுக் கேள்வியை, இங்கே "எல்லோரும் கையைக் காட்டுங்கள்" என்பதை, அவர் கேட்டுவிட்டால் தேர் நகர்ந்துவிடும். நடிகரின் மனைவியை மட்டும் போடாதீர்கள். பாதி ஹாலுக்கு அவரைத் தெரியும்.

கேள்வி எதுவானாலும் இன்ஸ்பெக்டர் அதை உரக்கத் திருப்பிச் சொல்ல வேண்டும். பின்வரிசைக்குக் கேட்கும் என்பது ஒரு காரணம். பதில் சொல்லப்போகிற நடிகருக்கு யோசிக்க ஐந்து விநாடி கிடைக்கிறது. மூன்றாவது, முக்கியமானது: மூன்று நிமிடப் பிரசங்கமாக வந்த கேள்வியை ஒரே வரியாக நறுக்கித் தர முடிகிறது. "ஐயா கேட்பது என்னவென்றால், ஆறரைக்கு நீங்கள் எங்கே இருந்தீர்கள்?" அவ்வளவுதான். ஐயா கேட்டது அது இல்லாவிட்டாலும்.

பதில் சொல்ல நடிகர்களுக்கு வேண்டியது கற்பனைச் சக்தியைவிட ஒரு பக்க உண்மைப் பட்டியல். கதைப்படி மாலை 6 மணி முதல் 6.40 வரை ஐந்து ஐந்து நிமிடமாக அவர் எங்கே இருந்தார், யாரைப் பார்த்தார், சந்தானத்தோடு கடைசியாக என்ன பேசினார், சட்டைப் பையில் என்ன இருக்கிறது. இருபது வரி போதும். ஐந்து பேருடைய பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் 6.15-க்கு இரண்டு பேர் ஒரே நாற்காலியில் உட்கார்ந்திருப்பது தெரியவரும். அதை ஒத்திகைக்கு முன்னாலேயே திருத்திவிடலாம். ஒவ்வொருவருக்கும் யாரும் பார்க்காத ஐந்து நிமிடம் ஒன்று இருக்க வேண்டும். அது இல்லாதவர் கொலைகாரராக முடியாது. ஓட்டால் முடிவாகும் நாடகத்தில் பட்டியலில் உள்ளதைப் பற்றி யாரும் பொய் சொல்லக் கூடாது. மழுப்பலாம், பேச்சை மாற்றலாம், கோபப்படலாம், அழலாம். பட்டியலில் இல்லாததைக் கேட்டால் "அதை டிரஷரரைக் கேளுங்க" என்று இன்னொருவருக்குத் தள்ளலாம், தள்ளுமுன் காது மடலைத் தொட்டு அவருக்குச் சைகை கொடுத்துவிட்டு. "ஞாபகமில்லை" என்பது ஓர் ஆளுக்கு ஒரு காட்சிக்கு ஒருமுறைதான். அதற்கு மேல் போனால் சபை உற்சாகம் இழக்கும்.

வேகத்தில் யாராவது புதிதாக ஒன்றைச் சொல்லிவிடுவார், "சந்தானம் என் சித்தப்பா பிள்ளை" என்று. சொன்னது சொன்னதுதான், அன்றைய இரவுக்கு அது உண்மை. மறைவிலிருந்து வசனம் எடுத்துக் கொடுக்கும் ப்ராம்ப்டர் ஒரு நோட்டில் அதைக் குறித்து, கிளை பிரியுமுன் எல்லோருக்கும் சொல்லிவிட வேண்டும். மேடையில் ஒருவர் மற்றவரை மறுத்துத் திருத்துவதுதான் பெரிய ஆபத்து. சபை அதைத் தடயம் என்று எடுத்துக்கொண்டு அதன் பின்னால் போய்விடும்.

எல்லாம் தெரிந்த மாமா ஒருவர் எல்லாச் சபையிலும் இருப்பார். பத்தாவது நிமிடத்தில் "விமர்சகன்தான்பா, எழுதி வெச்சுக்கோ" என்று உரக்கச் சொல்வார். அவரை அடக்கப் பார்த்தால் அதிகமாகும். அவருக்கு வேலை கொடுக்க வேண்டும். கான்ஸ்டபிள் போய் "சாட்சி எண் ஒன்று" என்று அட்டையைக் கழுத்தில் மாட்டி, "சாட்சி கோர்ட்டுல பேசினாப் போதும் சார்" என்று சொல்லிவிட்டால் ஹால் முழுக்க அவரைக் கண்காணிக்கும். அதே நேரத்தில், கூச்சப்படுகிற யாரையும் கையைப் பிடித்து மேடைக்கு இழுக்கவே கூடாது. கண்ணைப் பார்த்து, தலையசைத்தால் மட்டும். சபையில் யாரையும் தொடுவதில்லை என்பதை முதல் ஒத்திகையிலேயே விதியாகச் சொல்லிவிடுங்கள்.

கொலைக்கு வருவோம். செத்துப்போகிறவர் வேஷத்துக்குக் குழுவிலேயே நல்ல நடிகரைப் போடுங்கள். இருபத்தைந்து நிமிடத்துக்குள் ஐந்து பேருக்கும் அவர் மேல் கொலைவெறி வர வேண்டும், சபைக்கு அவர் மேல் பாசம் வந்துவிடக் கூடாது. பாசம் வந்தால் மீதி நாடகத்தில் சிரிப்பு வராது. கொலை மறைவில் நடந்து பிணம் மட்டும் வெளியே வந்து விழுந்தால் போதும். விளக்கை அணைத்து இருட்டில் கொல்லும் பழைய உத்தி இப்போது பலிப்பதில்லை. விளக்கு அணைந்த மறு நொடி இருபது செல்போன் டார்ச் எரியும். போதாததற்கு, சூடான சாம்பார் வாளியும் வயதானவர்களும் உள்ள ஹாலில் முழு இருட்டு ஆபத்து. இருட்டு வேண்டுமென்றால் டிபனுக்கு முன்னால், நீல விளக்கு ஒன்றை விட்டுவிட்டு, ஆறு விநாடிக்கு மேல் வேண்டாம். வெளியேறும் வழிப் பலகை எப்போதும் எரிய வேண்டும். ஜெனரேட்டர் தானாக ஓடத் தொடங்கும் ஹாலில் மெயினை அணைத்து "கரண்ட் கட்" காட்டப் பார்க்காதீர்கள். மேடை லைட்டை மட்டும் லைட் போர்டிலிருந்து இறக்குங்கள்.

துப்பாக்கி வேண்டாம். வெற்றுத் தோட்டாகூடக் கிட்டத்தில் காயம் செய்யும், அக்கம்பக்கத்தில் பீதி வரும், ஸ்பீக்கரில் போடும் சத்தமோ நடிகர் விழுந்த பிறகு வரும். ஆயுதம் எதுவானாலும் அசலும் நகலும் சேர்த்து இரண்டு: பார்வைக்கு மேசையில் பித்தளைக் குத்துவிளக்கு, கையில் எடுத்து ஆட்ட, தெர்மாகோலில் செய்து பொன்வண்ணம் பூசியது. அசல் விளக்கை முதல் பாகம் முடிந்ததும் அகற்றிவிட ஒருவருக்குப் பொறுப்புக் கொடுங்கள். ரத்தம் கட்டாயம் வேண்டுமென்றால் ஒரு கப் லிக்விட் குளுக்கோஸ், இரண்டு மேசைக்கரண்டி தண்ணீர், ஒரு மேசைக்கரண்டி சிவப்பு உணவு நிறம், அரைத் தேக்கரண்டி கோக்கோ பவுடர்; கோக்கோ இல்லாவிட்டால் ரோஸ்மில்க் போல இருக்கும். வெள்ளை வேட்டியில் பட்ட நிறம் போவது கஷ்டம், காட்சிக்கு ஒரு வேட்டி கணக்கு வையுங்கள். நகைச்சுவைக்கு ரத்தமில்லாமல் இருப்பதே நல்லது. சாப்பிடப் போகிறார்கள்.

பிணம் மேடையில் கிடந்தால் மூச்சு விடுவது தெரியும், கொசு கடிக்கும், தும்மல் வரும். சோபாவுக்குப் பின்னால் விழுந்து பாதம் மட்டும் தெரியட்டும். இடைவேளையில் பாதத்துக்குப் பதில் செருப்பு மாட்டிய கட்டைக் காலை வைத்துவிட்டு நடிகரை எடுத்துவிடலாம். அவர் மீசையை மாற்றி இரண்டாம் பாகத்தில் சந்தானத்தின் தம்பி வக்கீலாக வந்தால் எட்டுப் பேரில் ஒருவரை வீணாக்காமல் இருக்கலாம். "அச்சு அசலா அண்ணன் மாதிரியே இருக்கீங்களே" என்ற வசனத்துக்கு எந்த ஊரிலும் சிரிப்பு விழும்.

சாப்பாடு பற்றிச் சுருக்கமாக. நான்கு பேர் பரிமாறினால் 80 பேருக்குப் பதினைந்து நிமிடம் போய்விடும், ஆகவே பெட்டியில் கட்டிய டிபன். அப்பளம், வறுவல், மிக்சர் கூடாது. மொறுமொறுப்பு இரண்டாம் பாகத்தைத் தின்றுவிடும். எவர்சில்வர் தம்ளரும் கூடாது. வேர்க்கடலை, முந்திரி ஒவ்வாதவர்கள் உண்டா என்று டிக்கெட் தரும்போதே கேட்டுவிடுங்கள். சந்தேகத்துக்குரியவர்களே காபி கொண்டுபோய்க் கொடுத்தால் சபை அவர்களைத் தனியாகக் குடைந்து கேட்கும், அதைவிட நல்ல விசாரணை மேடையில் நடக்காது. காபியில் விஷம் என்று மட்டும் கதை வைக்காதீர்கள். ஒருவரும் குடிக்க மாட்டார்கள்.

மேசைக்கு மேசை நான்கடி இடைவெளி இருக்க வேண்டும், நடிகர்கள் அதன் வழியேதான் ஓடுவார்கள். மின்விசிறிச் சத்தத்துக்கு நடுவே வெறும் குரல் எட்டாது. எட்டு காலர் மைக், சபைக்குக் கையில் பிடிக்கும் மைக் இரண்டு, அந்த இரண்டையும் சுமந்து ஓட இரண்டு இளைஞர்கள். மைக்கை விருந்தினர் கையில் கொடுக்கக் கூடாது, பையனே பிடித்துக்கொள்ள வேண்டும். கொடுத்தால் திரும்பி வராது. பேட்டரி ஒவ்வொரு காட்சிக்கும் புதிது. போன காட்சியில் மிச்சமிருந்தது என்று விட்டால் முடிவுக் காட்சியில் நிற்கும். சினிமாப் பாட்டு போடுவதானால் பாட்டு எழுதியவர்கள், இசையமைத்தவர்கள் சார்பில் உரிமம் தரும் ஐபிஆர்எஸ், ஒலிப்பதிவுக்கு உரிமம் தரும் பிபிஎல் இரண்டையும் பற்றி ஹால்காரரிடம் முன்பே பேசிவிடுங்கள்.

ஓட்டுக்குச் செல்போன் படிவம் அழகாகத் தோன்றும். ஹாலில் சிக்னல் இருக்காது, பாட்டிக்குப் பேரன் போட்டுத் தருவான், அவன் விரும்பியவருக்கு. நிறக் காகிதச் சீட்டும் ஐந்து கண்ணாடி ஜாடியும் போதும். ஜாடி நிரம்புவதைச் சபையே பார்க்கும், அதுவே ஒரு பரபரப்பு. இரண்டு பேர் எண்ணினால் மூன்று நிமிடம். மீதி ஐந்து நிமிடத்துக்கு, சீட்டின் பின்பக்கம் எழுதச் சொன்ன காரணங்களில் வேடிக்கையானதை இன்ஸ்பெக்டர் படிக்கட்டும்: "மாப்பிள்ளை, ஏனென்றால் மாப்பிள்ளை." சிறந்த காரணத்துக்கு ஒரு பரிசு, மகா அபத்தமான காரணத்துக்கு இன்னொன்று. சமமாக வந்தால் இன்ஸ்பெக்டரின் ஓட்டு தீர்மானிக்கும் என்று ஓட்டுக்கு முன்பே அறிவித்துவிட வேண்டும்.

சபை தர்க்கப்படி ஓட்டுப் போடும் என்று எண்ண வேண்டாம். அதிகம் சிரிக்க வைத்தவருக்கும் அதிக உறவினர் வந்திருப்பவருக்கும் விழும். அதனால் ஒரே ஆள் மூன்று காட்சியில் கொலைகாரராவதும், ஒருவர் ஒருமுறைகூட ஆகாமல் போவதும் சகஜம். முடிவைத் திருப்பக் கூடாது. ஜாடி எல்லோருக்கும் தெரிகிறது. ஆனால் ஒருபோதும் தேர்ந்தெடுக்கப்படாதவரின் நான்கு நிமிடம்தான் துருப்பிடித்திருக்கும். ஒவ்வொரு காட்சி நாளிலும் மேக்கப்புக்கு முன் அந்த முடிவை ஒருமுறை வேகமாகச் சொல்லிப் பார்க்க வேண்டும். அது வரப்போகிற இரவு முன்கூட்டியே தெரியாது.

ஒத்திகைக்கு ஆறு வாரம், வாரம் மூன்று மாலை. முதல் மூன்று வாரம் எழுதியது மட்டும். நான்காவது வாரம் உண்மைப் பட்டியலை வைத்து விசாரணை, நடிகர்களே ஒருவரையொருவர் குடைவது. ஐந்தாவது வாரம் ஒவ்வொரு ஒத்திகைக்கும் கதை தெரியாத பத்துப் பேரை அழைத்து உட்கார வையுங்கள், முதல் நாள் வந்தவர் மறுநாள் வேண்டாம். அவர்களுக்குப் புரியாத தடயத்தை வசனத்தில் திருத்துங்கள், அவர்கள் அறிவைத் திருத்தாதீர்கள். ஆறாவது வாரம் லைட், மைக், சாப்பாட்டுப் பெட்டி, சீட்டுக் குலுக்கி முடிவு எடுப்பது. அதில் ஒரு மாலை முழுக்க வேண்டுமென்றே கெடுத்துப் பார்ப்பது: மைக் செத்துவிட்டது, ஒரு நடிகர் வசனம் விட்டுவிட்டார், மாமா ஒருவர் எழுந்து கதை முழுவதையும் சொல்லிவிட்டார். இன்ஸ்பெக்டர் கையில் கடிகாரத்தோடு அந்த மாலையையும் 8.50-க்கு முடித்துக் காட்ட வேண்டும்.